கசடு சிமெண்டும் எங்க சம்பந்தமும்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், இன்னும் வீடு பெருக்கல. உப்பளத்துப் பக்கம் புதுசா மனை வாங்கியிருக்கிறது நீங்கதானா? பால்காரர் சொன்னாரு. ஸ்லாக் சிமெண்டு போடலாமா வேண்டாமான்னு கேக்க வந்தியளா? சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கிய. இந்த வட்டாரத்துல அந்த சிமெண்டைப் பத்தி என்னைய மாதிரி யாருக்கும் தெரியாது. கொடுத்த கடைக்காரருக்கே நான்தான் எடுத்துச் சொன்னேன்.

உக்காருங்க. அந்த ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்கிடாதீங்க.

என் பேரு தங்கபுஷ்பம். உள்ள பேப்பர் படிச்சிட்டு இருக்காவள்லா, அவியதான் எங்க வீட்டுக்காரவிய. சுயம்புலிங்கம்னு பேரு. துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவிய. வாயில்லாப் பூச்சி. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு விசயத்தை முழுசாச் சொல்லி முடிச்சதே கிடையாது. சொல்ல வருவாவ, பாதியில நின்னுரும். ஏன்னே தெரியல, பாவம்.

எங்க பழைய வீடு இதே இடத்துலதான் இருந்துச்சு. கடலும் உப்பளமும் ரெண்டு பக்கமும் இருக்குல்லா, இந்தக் காத்து கம்பியைச் சும்மா விடாது. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிரும், ஊதினா காங்கிரீட்டு பேந்து பேந்து விழும். ஒரு நாள் மத்தியானம் நான் சாம்பாரைக் கொதிக்க விட்டுட்டுத் திரும்புதேன், மேலேருந்து ஒரு துண்டு சட்டிக்குள்ளயே விழுந்துச்சு. எனக்குத் தெரியாம அவிய அதை ஊத்திச் சாப்பிட்டுட்டு, ‘இன்னைக்கு உப்பு கொஞ்சம் கூடிப் போச்சு’ன்னாவ. அதுக்கு மேல தாங்காதுன்னுதான், எதிர்த்த வீட்டுல வாடகைக்குப் போயிட்டு, இதை இடிச்சுக் கட்ட முடிவு பண்ணினோம்.

இப்ப ராஜகனி அண்ணாச்சியைப் பத்திச் சொல்லணும். பஜார்ல சிமெண்டு, கம்பிக் கடை வச்சிருக்காரு. குட்டையா இருப்பாரு, நிதானமாப் பேசுவாரு. அவரு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாம துணியைத் துவைச்சுக் காயப் போட்டுட்டு வந்துரலாம். அவருக்கு ஒரே பையன், அருள். எனக்கு ஒரே பொண்ணு, பொன்செல்வி. ரெண்டும் ஒரே பாலிடெக்னிக்குல சிவில் படிச்சுது. ஒரே பஸ்ல போய், ஒரே பஸ்ல வந்து, ஒரே புத்தகத்தை ரெண்டு பேரும் படிச்சு, கடைசியில விசயம் என் காதுக்கு வந்துச்சு.

நான் ஒண்ணும் எதிர்க்கல. நம்ம சாதிசனம்தான், நல்ல குடும்பம்தான். ஆனா எனக்கு பேங்க்ல வேலை பாக்குற மாப்பிள்ளை மேல ஒரு கண்ணு இருந்துச்சு. ஏசி ரூம்ல கசங்காத சட்டையோட உக்காந்திருக்கிற மாப்பிள்ளை. சிமெண்டுக் கடை வீட்டுக்குப் போனா பிள்ளை தலை சீக்கிரமே வெள்ளையாயிருமேன்னு மனசுக்குள்ள ஒரு இது. மனசுக்குள்ளதான், வாயைத் திறக்கல. ஒரு தடவை சொல்லியிருப்பேன். அடுப்படியில தனியாச் சொன்னதெல்லாம் கணக்குல வராது.

சரின்னு பேசி முடிச்சோம். வீட்டு வேலை முடியட்டும், தை மாசம் பால் காய்ச்சுற அன்னைக்கே புது வீட்டுல நிச்சயமும் வச்சிரலாம்னு ஏற்பாடு. உடன்குடியில இருக்கிற என் தங்கச்சிக்குச் சொல்லியாச்சு. அவளுக்குச் சொன்னா ஊர்ல எல்லாருக்கும் சொன்ன மாதிரி. நிச்சயத்துக்குன்னு புதுசா ஒரு பெரிய தாம்பாளம் கூட வாங்கி வச்சுட்டேன்.

அப்பத்தான் அண்ணாச்சி இந்த சிமெண்டை இறக்கினாரு.

‘மைனி, கடல் காத்துக்கு ஸ்லாக் சிமெண்டுதான் நல்லது’ன்னாரு. அது என்ன சிமெண்டுன்னு கேட்டேன். இரும்பு உருக்குற உலை இருக்குல்லா, அதுல உருகுன இரும்புக்கு மேல ஒரு கசடு மிதக்குமாம். அந்தக் கசடைக் கொதிக்கக் கொதிக்க வெளிய எடுத்து, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா மணல் மாதிரி உதிர்ந்துருமாம். அதை நைசா அரைச்சு சிமெண்டோட கலக்குறதுதான் இது. நான் கேட்டேன், ‘ஏன் அண்ணாச்சி, ஊரான் உலையில கழிச்சுப் போட்டதைக் கொண்டுவந்து என் வீட்டுல பூசவா?’ன்னு. அவரு ரொம்ப நேரம் யோசிச்சு, ‘மைனி, ரசம் வைக்கிற புளியில கொட்டையும் கசடும் வேற, இது வேற’ன்னாரு. அதுல எனக்கு ஒண்ணும் விளங்கல. இருந்தாலும் தலையாட்டினேன்.

அவரு சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்லுதேன், உங்களுக்குத் தேவைப்படும். சாதா சிமெண்டு தண்ணி பட்டதும் உள்ளுக்குள்ள சூடாகும், அதுனால வெடிப்பு விழும். இது அவ்வளவு சூடாகாது. போகப் போக உள்ள நெருக்கமா இறுகிரும், உப்பு லேசுல புகாது. அதுனால பாலத்துக்கு, சாக்கடைக்கு, செப்டிக் டேங்குக்கு, கடலோரத்துக் கட்டடத்துக்கெல்லாம் இதைத்தான் விரும்பிப் போடுவாவளாம். நிறம் கொஞ்சம் வெளுப்பா இருக்கும். நான் முதல்ல பாத்துட்டு, என்ன இது, பவுடர் போட்ட மாதிரி இருக்கேன்னேன். ஒரே ஒரு குணம் மட்டும் உண்டு. ஆரம்பத்துல மெதுவாத்தான் பலம் ஏறும். ஆனா ஏறிக்கிட்டே இருக்கும். கூடுதல் நாள் தண்ணி ஊத்தணும், தளத்தைத் தாங்குற முட்டுப் பலகையைச் சீக்கிரம் பிரிக்கக் கூடாது. ‘கொஞ்சம் பொறுமை வேணும் மைனி’ன்னாரு. நான் பொறுமைக்குப் பேர் போனவன்னு அவருக்குத் தெரியும், அதான் தைரியமாச் சொல்லியிருக்காரு.

வேலை ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல புது வீடு கட்டுனா என்ன செய்வோம்? போய்ப் பூச்சை நகத்தால கீறிப் பாப்போம். கீறல் விழலன்னா நல்ல சிமெண்டு, விழுந்தா கொத்தனார் மண்ணை அள்ளிப் போட்டுட்டாருன்னு அர்த்தம். நானும் மறுநாள் காலையில போய் வாசல் தூணைக் கீறினேன். நகம் ஏறுச்சு. அடுத்த நாளும் கீறினேன், அப்பவும் ஏறுச்சு. ஒரே இடத்துல கீறினா சரியாத் தெரியாதுல்லா, அதுனால பக்கத்துல, அதுக்குப் பக்கத்துல, கொஞ்சம் கீழ. நகம் வலிச்சா கொண்டை ஊசியால. கொத்தனார் பிச்சையா கேக்காரு, ‘அக்கா, இங்க கோழி கீழி வளக்குறியளா?’ன்னு. வரும்போது பாத்திருப்பிய, அந்தத் தூண்ல முழங்கால் உயரத்துக்கு வரிவரியா இருக்கும். அதெல்லாம் அந்த சிமெண்டோட குறைதான். நான் கீறினதுனால வந்தது இல்ல.

இப்படி இருக்கையில மேல் தளம் போட்டாச்சு. மட்டப்பான்னு சொல்லுவோம்லா, அதும் முன்னால வாசல் சன்ஷேடும் ஒண்ணா. வேலைக்காரவியளுக்குப் பிரியாணி போட்டேன். அன்னைக்குப் பிடிச்ச மழைதான், விடவே இல்ல. கார்த்திகை மாசம், காத்து வேற சில்லுன்னு அடிக்குது. குளிர்ல இந்த சிமெண்டு இன்னும் மெதுவாத்தான் பிடிக்குமாம். அதை எனக்கு யாரும் சொல்லல. சொன்னாவ, நான்தான் அப்ப வேற வேலையா இருந்தேன்.

நான் தினமும் கேப்பேன், முட்டுப் பலகையை எப்ப எடுப்பிய, எப்ப பூச்சு, எப்ப பெயிண்ட்டுன்னு. பிச்சையா, ‘கடைக்காரர் பொறுக்கச் சொல்லுதாரு’ம்பாரு. கடையில போய்க் கேட்டா அண்ணாச்சி, ‘இன்னும் கொஞ்சம் பொறுங்க மைனி’ம்பாரு. வீடு முடியாம பால் காய்ச்ச முடியாது, பால் காய்ச்சாம நிச்சயம் இல்ல. தை மாசமோ ஓடி வருது. எனக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்த மனுசன் சிமெண்டு மேல பழியைப் போட்டு சம்பந்தத்தைத் தள்ளுதாரோ?

நீங்க நினைப்பிய, இவளுக்கு ஏன் இப்படி புத்தி போகுதுன்னு. காரணம் இருக்கு. உடன்குடித் தங்கச்சி போன் போட்டா. நாசரேத்துல ஒரு டாக்டர் வீட்டுக்காரவிய, பொண்ணு வச்சிருக்காவ, அண்ணாச்சி கடைக்கு அடிக்கடி வந்து போறாவளாம். சிமெண்டு வாங்க வந்திருப்பாவன்னு இப்பத் தோணுது. அன்னைக்கு அது தோணல பாத்துக்கிடுங்க. பொண்ணைப் பெத்தவளுக்கு வயித்துல நெருப்புதானே முதல்ல பத்துது.

அன்னைக்குப் பிச்சையா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாரு. ரோட்டுல வேலை இல்லாம நின்ன ஆள் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து, ‘முன்னால சன்ஷேடு பலகையை மட்டும் பிரிங்க’ன்னேன். மட்டப்பாவைத் தொடச் சொல்லல, எனக்கும் விவரம் உண்டு. அவிய பலகையை நெம்பினாவ. பலகை வந்துச்சு, கூடவே சன்ஷேடு மூலையும் வந்துச்சு. நல்ல வேளை, கீழ யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரவிய எதிர் வீட்டுக்குள்ளேருந்து, ‘புஷ்பம், நான் அப்பவே...’ன்னாவ. அப்பவே என்னன்னு கேக்க எனக்கு நேரம் இல்ல. ஏன்னா உடைஞ்ச துண்டை நான் கையில எடுத்துட்டேன்.

தேங்காய் அளவு இருக்கும். வெளிய வெள்ளைச் சாம்பல் நிறம். உடைஞ்ச பக்கம் பாத்தா நீலமும் பச்சையுமா இருக்குது. செம்புக் குடத்துல களிம்பு ஏறினா எப்படி இருக்கும், அப்படி. மோந்து பாத்தேன், லேசா அழுகின முட்டை வாடை. வாழைக்கு மருந்தாப் போடுவாவள்லா, மயில்துத்தம், அதைத்தான் கலந்திருக்கான்னு முடிவு கட்டிட்டேன். விசத்தைப் போட்டுக் கட்டின வீட்டுல என் பிள்ளைக்கு நிச்சயமா?

பொன்செல்வி ஓடி வந்து, ‘யம்மா, அது விசம் இல்லம்மா, இந்த சிமெண்டுல அப்படித்தான்...’ன்னு ஆரம்பிச்சா. அவ அந்தக் கடைக்குத்தானே பரிஞ்சு பேசுவா. நீ சும்மா இருன்னுட்டேன்.

அந்தத் துண்டைக் கொண்டு போய் காம்பவுண்டுச் சுவர் மேல வச்சேன், நீலப் பக்கம் ரோட்டைப் பாத்து. தெருவே வந்து பாத்துச்சு. தபால்காரர் பாத்தாரு. மீன்காரி பாத்துட்டு, ‘அக்கா, கலர் நல்லாத்தான் இருக்கு, மீன் தொட்டியில போடலாம்’னா. அண்ணாச்சி குடும்பம் ஞாயித்துக்கிழமைதான் கடையில ஒண்ணா இருப்பாவ, அன்னைக்குப் போகலாம்னு பொறுத்துக்கிட்டேன். அது வரைக்கும் வெயிலு அடிச்சுது. கல்லை நான் முதல்ல பாத்ததோட சரி, பிறகு அதைப் பாக்க வந்தவிய மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மழை இருட்டிட்டு வந்துச்சு. அவசர அவசரமா ஒரு துவாலைத் துண்டுல சுத்தி எடுத்து வச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை போனேன். சும்மா போகல. நிச்சயத்துக்குன்னு வாங்கின தாம்பாளம் இருந்துச்சுல்லா, அதுல அந்தக் கல்லைத் துண்டோட வச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போனேன். தட்டுல வச்சுப் பேச வேண்டிய சம்பந்தம், முறிக்கிறதையும் தட்டுலயே முறிக்கணும்னு ஒரு வைராக்கியம். எங்க வீட்டுக்காரவிய பின்னாலேயே வந்தாவ. பஸ்ல கண்டக்டர் பையன், ‘என்னம்மா, கோயிலுக்கா?’ன்னு கேட்டான். தாம்பாளத்தை இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

கடையில கூட்டம். கொத்தனாருக, லாரிக்காரவிய, அண்ணாச்சி, அவரு பொண்டாட்டி, அருள், எல்லாரும் இருந்தாவ. நான் தாம்பாளத்தை மேசையில டங்குன்னு வச்சு, ‘இந்த விசத்தைத்தான் என் பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தியளா அண்ணாச்சி? நல்லாப் பாருங்க எல்லாரும்’னு சொல்லித் துண்டை விலக்கினேன்.

நீலத்தைக் காணோம்.

பொட்டு நீலம் இல்ல. எல்லாப் பக்கமும் வெள்ளைச் சாம்பல். புரட்டினேன், கீழயும் அப்படித்தான். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, மெதுவாக் குனிஞ்சு பாத்து, ‘நல்லாத்தானே இருக்கு மைனி’ன்னாரு. ஒரு லாரிக்காரன் சிரிச்சிட்டான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. ‘கல்லை மாத்திட்டிய, ராத்திரியில ஆள் விட்டு மாத்திட்டிய’ன்னேன். இப்பவும் எனக்கு அதுல ஒரு சந்தேகம் உண்டு, அது கிடக்கட்டும். வாய் வந்த பிறகு நிக்குமா? சம்பந்தத்தைத் தள்ளத்தான் இந்த சிமெண்டைக் கொடுத்திய, டாக்டர் வீட்டுப் பொண்ணு கிடைச்சதும் எங்களைக் கழட்டி விடப் பாக்குதிய, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அந்த மனுசன் முகம் சுண்டிப் போச்சு. அன்னைக்குத்தான் அவரு வேகமாப் பேசிக் கேட்டேன். ‘மைனி, என் சிமெண்டைக் குறை சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். எனக்குப் பொம்பளப் பிள்ளை கிடையாது. உங்க பொண்ணு தலைக்கு மேல வர்ற கூரைன்னுதான் பாத்துப் பாத்து இதைக் கொடுத்தேன். அதுலயும் சூது இருக்குன்னு நினைக்கிற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேண்டாம்’னாரு.

கொட்டினதைத் திரும்ப அள்ளிக்கிடலாமான்னு இருந்துச்சு. உண்மையைச் சொல்லுதேன். ஆனா தட்டைத் தூக்கிட்டு வந்தாச்சே, எப்படி இறக்குறது? ‘எங்களுக்கும் வேண்டாம்’னேன்.

அப்பத்தான் அந்தப் பையன் அருள் ஒரு சுத்தியலை எடுத்துட்டு வந்தான். யாரையும் பாக்கல. கல்லைத் தரையில வச்சு ஓங்கி ஒரு போடு போட்டான். ரெண்டாப் பிளந்துச்சு. உள்ள பாத்தா அதே நீலம், அதே பச்சை. கடையே எட்டிப் பாக்குது. அவன் என்னைப் பாத்து, ‘அத்தை சொன்னது நிஜம்தான். உள்ள நீலமாத்தான் இருக்கு. கசடுல கொஞ்சம் கந்தகம் உண்டு, காத்துப் படாத இடத்துல இந்த நிறம் இருக்கும். காத்தும் வெயிலும் பட்டா வெளுத்துரும். விசம் இல்ல அத்தை, பலத்துக்கும் ஒண்ணும் ஆகாது’ன்னான்.

பாருங்க, அந்தக் கடை முழுக்க நான் பொய் சொல்லுதேன்னு நினைச்சு நின்னாவ. அவன் ஒருத்தன்தான் நான் கண்ட நீலத்தை எல்லாருக்கும் காட்டினான். சம்பந்தம் முறிஞ்ச பிறகும் அத்தைன்னு கூப்பிடுதான். எங்க வீட்டுக்காரவிய அன்னைக்கு ஒரு வாக்கியம் முழுசாப் பேசினாவ. ‘புஷ்பம், வீட்டுக்குப் போவோம்.’ வந்துட்டோம்.

காப்பி ஆறுது, குடிங்க.

வந்து பொன்செல்விகிட்டச் சொன்னேன், இந்த மாதிரி, வேண்டாம்னுட்டு வந்துட்டேன்னு. கத்துவா, அழுவான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஜன்னல் வழியாப் புது வீட்டு மட்டப்பாவைப் பாத்தா. பிறகு, ‘சரிம்மா. கல்யாணம் போகட்டும், வீடாவது நிக்கணும்லா. பிச்சையா அண்ணன் இல்லாத நேரம் மட்டப்பாவுக்கு நான் தண்ணி ஊத்துதேன்’னா. எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்க. நான் வளத்த வளர்ப்பு.

ஒரு நாள் தவறல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மட்டப்பாவுல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி, சணல் சாக்கை நனைச்சுப் போட்டு, அவ்வளவு பொறுப்பு. மேல போனா இறங்கவே மாட்டா. போனை மட்டும் கையில எடுத்துக்கிடுவா, ஏதாவது சந்தேகம் வந்தா நெட்டுல பாத்துக்கிடலாம்லா. அந்த நேரத்துக்கு அருளும் வண்டியில இந்தத் தெரு வழியாத்தான் போவான், எங்கயோ லோடு இறக்க. அந்த வருசம் நம்ம தெருவுல நிறையப் பேர் வீடு கட்டியிருக்காவ போல. எனக்கு ஒண்ணும் கண்ணுல படல.

ஏம்மா சிரிக்கிய?

அண்ணாச்சியும் வருவாரு. உள்ள வர மாட்டாரு. பைக்கை ரோட்டுல நிறுத்தி, சன்ஷேடு மூலையை அண்ணாந்து பாப்பாரு, மட்டப்பா முட்டுப் பலகையைப் பாப்பாரு, போயிருவாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருப்பேன். வாங்கன்னு கூப்பிட ரெண்டு எட்டுதான். அந்த ரெண்டு எட்டை நான் வைக்கல, அவரும் வைக்கல.

தை மாசம் வந்துச்சு, போச்சு. கேட்டவியகிட்டயெல்லாம், ‘சிமெண்டு இன்னும் பிடிக்கல’ன்னு சொன்னேன். முட்டுப் பலகையைப் பிரிச்சாச்சு, ஒரு சின்ன வெடிப்பு கூட இல்ல. சன்ஷேடு மூலையைக் கட்டியாச்சு, பூச்சும் முடிஞ்சுது. பங்குனியில ஃபேன் கொக்கிக்கு ஓட்டை போட வந்தவன், ‘என்னம்மா இது, ட்ரில்லு இறங்கவே மாட்டேங்குது’ன்னு திட்டிட்டுப் போனான். பிச்சையா சொல்லுதாரு, ‘அக்கா, இனிமேலும் தண்ணி ஊத்தினா மேல நாத்துதான் நடணும்’னு. பொன்செல்வி கேக்கல. ‘ஸ்லாக் சிமெண்டுக்கு நிறைய ஊத்தணும் அண்ணே’ன்னா. படிச்சவ சொல்லுதா, இவரு என்னத்தைக் கண்டாருன்னு நான் பிச்சையா வாயை அடைச்சுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் பேங்க் மாப்பிள்ளை ஒண்ணு அமைஞ்சுது. திருச்செந்தூர் பக்கம், நல்ல இடம், பையனும் போட்டோவுல கசங்காத சட்டைதான். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாறோம்னாவ. எனக்குச் சந்தோசம் தாங்கல. சாயங்காலம் அதைச் சொல்லத்தான் நான் மட்டப்பாவுக்கு ஏறினேன். முழங்கால் வலின்னு அது வரைக்கும் நான் மேல ஏறினதே கிடையாது.

அவ ஹோஸ் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. தண்ணி வழிஞ்சு மழைக்குழாய் வழியா ரோட்டுக்கு ஓடுது. போனு சுவர் மேல கிடக்குது, அவ அதைப் பாக்கல. தெருவைத்தான் பாக்கா. தெருவுல யாரும் இல்ல. அண்ணாச்சி அருளை இந்தத் தெருப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டாருன்னு எனக்குப் பிறகுதான் தெரியும்.

‘ஏட்டி, இதென்ன, கல்லாப் போச்சு, இதுக்கு மேலயும் எதுக்கு ஊத்துத?’ன்னேன்.

‘தெரியும்மா. நான் சிவில் படிச்சவ. இது எப்பவோ போதும்.’

‘பிறகு?’

அவ திரும்பல. ‘இதை நிறுத்திட்டா, நான் மேல வர்றதுக்கு வேற காரணம் இல்லம்மா’ன்னா.

அழல. குரல் கூட ஏறல. தண்ணி பாட்டுக்கு ஓடுது. நான் பேங்க்கைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மோட்டாரை நிறுத்தணும்னு எதையோ சொல்லிட்டு இறங்கினேன். படியில சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினேன். நான் பெத்த பிள்ளை என் வீட்டுலயே நின்னு மூச்சு விடக் காரணம் தேடுதுன்னா, பெத்தவளுக்கு எப்படிம்மா இருக்கும்? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. எங்க வீட்டுக்காரவிய எதையோ சொல்ல வந்தாவ. ‘சொல்லுங்க’ன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். அவியளுக்குப் பழக்கம் இல்லாததுனால என்ன சொல்ல வந்தோம்னே மறந்துட்டு.

காலையில நான் மட்டும் கிளம்பினேன். தட்டு கிட்டு எல்லாம் எடுக்கல. மஞ்சப் பை மட்டும்.

கடையில அண்ணாச்சி தனியா இருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னாரு. மேசையை ஒரு பார்வை பாத்தாரு, இன்னைக்கு என்னத்தைக் கொண்டுவந்து வைக்கப் போறாளோன்னு.

‘சிமெண்டு வேணும்’னேன்.

‘வேலைதான் முடிஞ்சுட்டே மைனி?’

‘மாடியில ஒரு ரூம் போடணும்.’

அவரு எப்பவும் போல யோசிச்சாரு. நான் அங்க இருந்த மூட்டையெல்லாம் எண்ணி முடிச்சுட்டேன், இன்னும் யோசிக்காரு. ‘எந்த சிமெண்டு?’ன்னாரு.

‘அதேதான்.’

‘அது மெதுவாத்தான் பிடிக்கும் மைனி. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.’

‘மெதுவாப் பிடிக்கட்டும். உறுதியாப் பிடிக்கும்லா.’

‘கீழயே ரெண்டு ரூம் இருக்கே’ன்னாரு, தரையைப் பாத்துக்கிட்டு. ‘நீங்க இருக்கிறது மூணு பேரு. மாடியில எதுக்கு?’

பஸ்ல வரும்போது எதை எதையோ யோசிச்சு வச்சிருந்தேன், அதையெல்லாம் விட்டுட்டேன். ‘ஏன் அண்ணாச்சி, மருமகன் வந்தா எங்க படுப்பாரு?’ன்னேன்.

அவரு நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. நான் பையைப் பாத்தேன். ரோட்டுல ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு. பிறகு அவரு உள்ள திரும்பி, ‘ஏல அருள், உங்க அத்தை வந்திருக்காவ. ஒரு டீ சொல்லு’ன்னாரு.

அவ்வளவுதாம்மா நடந்தது. ஊர்ல வேற மாதிரி சொல்லுவாவ, தங்கபுஷ்பம் போய் மன்னிப்புக் கேட்டான்னு. நம்பாதீங்க. நான் சிமெண்டு வாங்கத்தான் போனேன். அவரும் ஒரு வார்த்தை விட்டுக் கொடுக்கல, நானும் கொடுக்கல. அந்தப் பையன்தான் டீயை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தான், பாதி சாஸர்ல கொட்டிக் கிடந்துச்சு. சீனியை அள்ளிப் போட்டிருந்தான். எனக்குச் சுகர் இருக்கு, அவனுக்கு எப்படித் தெரியும்? குடிச்சேன். சாஸர்ல இருந்ததையும் குடிச்சேன்.